ஏனுங்க, கொலைகாரன் யாருங்க?

ஈரோட்டிலிருந்து கோவைக்குப் போகும் தனியார் பஸ்களில் டிரைவர் முதுகுக்குப் பின்னால், கூரையோடு ஒட்டி ஒரு டிவி இருக்கும். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு ராத்திரி, அதில் ஒரு கொலைப்படம் ஓடிக்கொண்டிருந்தது. பெரிய பங்களா. மாடியில் ஏதோ உருளும் சத்தம். கதாநாயகி இருட்டிலேயே படியேறுகிறாள். வயலின் கீச்சிடுகிறது. பெருந்துறை தாண்டியிருந்தோம். பஸ்ஸில் ஒரு பேச்சில்லை. கண்டக்டர்கூட சில்லறை எண்ணுவதை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு முன்சீட்டில் மஞ்சப்பையை மடியில் வைத்திருந்த ஒரு பெரியவர், சம்பந்தி வீட்டில் பேசுகிற மரியாதையோடு திரையைப் பார்த்துக் கேட்டார்:

"ஏனுங்கம்மணி, லைட்டைப் போட்டுட்டு ஏறலாமில்லீங்க?"

பஸ் முழுக்கச் சிரிப்பு. அடுத்த நிமிடம் கதவுக்குப் பின்னாலிருந்து கத்தி வந்தது, அதற்கும் சிரிப்பு. இயக்குநரும் கேமராமேனும் இசையமைப்பாளரும் பாடுபட்டுக் கட்டிய பயம் ஒரே கேள்வியில் பொலபொலவென்று உதிர்ந்து போனது.

த்ரில்லர்களைக் கிண்டலடித்து எடுக்கும் படங்கள் ஏன் இத்தனை பேருக்குப் பிடிக்கின்றன என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெரியவர் நினைவுதான் வரும். அவர் கேட்டது புதிய கேள்வியே இல்லை. பஸ்ஸில் இருந்த எல்லாருக்கும் உள்ளுக்குள் அதே கேள்வி இருந்தது. கேட்டால் படம் படுத்துவிடும் என்று அடக்கி வைத்திருந்தோம்.

த்ரில்லர் பார்க்க உட்காரும்போதே சில விஷயங்களைக் கேட்பதில்லை என்று சம்மதித்துத்தான் உட்காருகிறோம். முதல் கொலை நடந்ததுமே ஏன் ஊரைவிட்டுப் போகவில்லை? கொலைகாரன் நிதானமாக நடந்து வர, தலைதெறிக்க ஓடுகிறவள் மட்டும் ஏன் தடுக்கி விழுகிறாள்? வெடிகுண்டுக்குள் கம்பி ஏன் எப்போதும் சிவப்பும் நீலமுமாகவே இருக்கிறது? சுட வேண்டிய வில்லன் துப்பாக்கியை நீட்டிவைத்துக்கொண்டு ஏன் தன் சின்ன வயசுக் கதையைச் சொல்கிறான்? ஐம்பது படம் பார்த்த ஆளுக்குள் இப்படிக் கேட்காமல் விட்ட கேள்விகள் மூட்டை மூட்டையாகச் சேர்ந்து கிடக்கும். கிண்டல் படம் எடுப்பவர் செய்வதெல்லாம் அந்த மூட்டையின் முடிச்சை அவிழ்த்துவிடுவதுதான்.

அவிழ்ப்பதில் ஒரு தொழில்நுட்பம் இருக்கிறது. பதற்றம் என்றால் என்ன என்பதற்கு த்ரில்லர் இயக்குநர் ஆல்ஃப்ரெட் ஹிட்ச்காக் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவிடம் சொன்ன விளக்கம் சினிமாக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்தது. இரண்டு பேர் மேசையில் உட்கார்ந்து பேசுகிறார்கள், திடீரென்று மேசைக்கடியில் குண்டு வெடிக்கிறது. பார்ப்பவருக்குப் பதினைந்து நொடி அதிர்ச்சி, அவ்வளவுதான். அதே குண்டை முன்கூட்டியே பார்ப்பவருக்குக் காட்டிவிட்டு, அந்த இரண்டு பேரையும் ஒன்றும் தெரியாமல் பேசவிட்டால், பதினைந்து நிமிடம் பதற்றம்.

சரி, அந்த மேசையைத் தூக்கி ஈரோடு பஸ் ஸ்டாண்டு பக்கத்து மெஸ் ஒன்றில் போடுவோம். குண்டு அடியில் இருக்கிறது; நமக்குத் தெரியும், சாப்பிட வந்தவருக்குத் தெரியாது. மேசை ஆடுகிறது என்று அவர் சொல்கிறார். சப்ளையர் குனிந்து பார்க்கிறார். கையில் கிடைத்த குண்டை எடுத்து, ஆடுகிற காலுக்கடியில் முட்டுக்கொடுத்து, தட்டிச் சரிபார்க்கிறார். "இப்ப ஆடாதுங்க." "டிக் டிக்குன்னு சத்தம் வருதுங்களே?" "பல்லிங்க. இன்னும் ஒரு புரோட்டா வைக்கட்டுங்களா?"

இதில் ஹிட்ச்காக் சொன்ன எதையும் நாம் மாற்றவில்லை என்பதைக் கவனியுங்கள். குண்டு அதேதான். நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது என்ற ஏற்பாடும் அதேதான். கடிகாரம்கூட நிற்கவில்லை. சப்ளையரின் கவலை மட்டும் வேறு. குண்டு எங்கே இருக்கிறது என்று தெரியாத ஆளுக்கு இந்தக் காட்சியில் சிரிக்க ஒன்றுமில்லை. பயமுறுத்தத் தெரியாதவரால் பயத்தைக் கிண்டலடிக்கவும் முடியாது என்று நான் நினைப்பது இதனால்தான். ஹிட்ச்காக் படங்களையே கேலி செய்து மெல் ப்ரூக்ஸ் 1977-ல் 'ஹை ஆங்ஸைட்டி' எடுத்தார். ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' படத்தின் குளியலறைக் கொலையை அதில் அப்படியே திரும்ப எடுத்திருப்பார், கத்திக்குப் பதில் சுருட்டிய செய்தித்தாளை வைத்து. கடைசியில் ரத்தத்துக்குப் பதிலாக அச்சு மை தண்ணீரோடு வழிந்து சாக்கடைக்குள் போகும். அசல் படத்தில் வழிந்ததும் சாக்லேட் பாகுதான் என்பது வேறு கதை. ப்ரூக்ஸ் அந்தப் படத்தை ஹிட்ச்காக்குக்கே போட்டுக் காட்டினார். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, பிறகு ஒயின் பெட்டி ஒன்றைப் பரிசாக அனுப்பினார்.

இந்த வகையில் எல்லாரும் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கிற படம் 1980-ல் வந்த 'ஏர்ப்ளேன்'. டேவிட் ஸக்கர், ஜெர்ரி ஸக்கர், ஜிம் ஏப்ரஹாம்ஸ் என்ற மூன்று பேர் சேர்ந்து எழுதி இயக்கியது. டிவி விளம்பரங்களைக் கிண்டலடிக்க வேண்டும் என்று ராத்திரி நேர ஒளிபரப்பைப் பதிவு செய்து வைத்தார்கள், அதில் தற்செயலாகச் சிக்கியது 'ஸீரோ அவர்' என்ற 1957-ம் வருடப் படம். விமானத்தில் சாப்பிட்ட மீனால் விமானிகளுக்கே உடம்பு முடியாமல் போய், போரில் மனம் உடைந்த ஒருவன் விமானத்தை இறக்க வேண்டிய கதை. முழுக்க முழுக்க சீரியஸான படம். மூவரும் அந்தக் கதையின் உரிமையையே விலைக்கு வாங்கிவிட்டார்கள். கதையமைப்பு, நாயகன் பெயர், பல வசனங்கள் எல்லாம் பழைய படத்திலிருந்து நேராக எடுத்தவை. சுமார் 35 லட்சம் டாலரில் எடுத்த படம் வட அமெரிக்காவில் மட்டும் 8 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது.

ஆனால் அவர்கள் செய்த உண்மையான வேலை நடிகர்களைத் தேர்ந்தெடுத்ததில் இருக்கிறது. காமெடி நடிகர்களைத் தவிர்த்துவிட்டு, அதுவரை கம்பீரமான வேடங்களில் வந்துகொண்டிருந்த ராபர்ட் ஸ்டாக், லாயிட் ப்ரிட்ஜஸ், பீட்டர் க்ரேவ்ஸ், லெஸ்லி நீல்சன் ஆகியோரைப் போட்டார்கள். நீல்சன் முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறாது. உலகத்திலேயே முட்டாள்தனமான வாக்கியத்தை மரண அறிவிப்பு வாசிப்பவர் போலச் சொல்வார். இசைக்கும் அதே விதி. எல்மர் பெர்ன்ஸ்டீன் நிஜமான ஒரு விபத்துப் படத்துக்கு வாசிப்பது போலத்தான் வாசித்தார். 'இது காமெடி' என்று படத்தில் யாருக்குமே சொல்லி வைக்கவில்லை போலிருக்கும்.

கொங்கு நாட்டுக்காரருக்கு இது புதிதாகத் தெரியாது. கோயம்புத்தூர் குசும்பு என்று ஊரெல்லாம் பேர் வாங்கியிருப்பது இதே வித்தைதான். புதுக்காரை வாங்கி வந்து பாதித் தெருவை அடைத்து நிறுத்தியிருக்கும் பக்கத்து வீட்டுக்காரரிடம் இங்கே யாரும் சத்தம் போடுவதில்லை. "ஏனுங்க, ரோடு பத்துதுங்களா? பத்தலீன்னா எங்க வாசலையும் எடுத்துக்குங்க" என்பார்கள். வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' இருக்கும். முகத்தில் ஒரு மாற்றமும் இருக்காது. கேட்பவருக்கு இது உபசாரமா, நக்கலா என்று பிடிபடவே அரை நிமிடம் ஆகும். அந்த அரை நிமிடம்தான் சுற்றி நிற்பவர்களுக்கு விருந்து. சொன்னவர் தானே சிரித்துவிட்டால் எல்லாம் போச்சு. அது வெறும் கேலியாகிவிடும், குசும்பு ஆகாது.

பஸ்ஸில் அந்தப் பெரியவர் "லைட்டைப் போடு புள்ள!" என்று கத்தியிருந்தால் இரண்டு பேர் சிரித்திருப்பார்கள். 'ஏனுங்கம்மணி' என்று ஆரம்பித்ததில்தான் பஸ்ஸே கவிழ்ந்தது.

2010 ஜனவரியில் சி. எஸ். அமுதன் இயக்கத்தில் 'தமிழ்ப் படம்' வந்தபோது அது ஏன் அப்படி எடுபட்டது என்பதற்கும் இங்கே விடை இருக்கிறது. நாயகன் சிவா கடைசி வரை தான் ஒரு மாஸ் ஹீரோ என்றே மனதார நம்பிக்கொண்டிருந்தார். அதைவிட எனக்குப் பிடித்த விஷயம் ஒளிப்பதிவு. 2007-ல் அஜித்தின் 'பில்லா'வைப் பளபளவென்று எடுத்த நீரவ் ஷாதான் இதற்கும் கேமரா. கேலி செய்யப்படும் படம் எப்படிப் பார்வைக்கு இருந்ததோ, கேலியும் அதே தோரணையில் இருந்தது. மலிவான செட்டும் மங்கலான வெளிச்சமுமாக எடுத்திருந்தால் பார்ப்பவர் அதைக் கல்லூரி ஆண்டுவிழா நாடகமாக நினைத்து மன்னித்திருப்பார். மன்னிப்பு வேறு, சிரிப்பு வேறு.

அதன் கதையிலும் த்ரில்லருக்கே உரிய ஒரு அடி உண்டு. படம் முழுக்க 'டி' என்ற மர்ம வில்லனைத் தேடுகிறார்கள். கடைசியில் நாயகனை வளர்த்த பாட்டிதான் 'டி'. பரவை முனியம்மா அந்த வேடத்தில் வந்து நின்றபோது தியேட்டரில் எழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. 'யார் மேல் சந்தேகமே வராதோ அவர்தான் கொலைகாரர்' என்பது துப்பறியும் கதைகளின் பழைய விதி. அந்த விதியை மீறினால் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். அதற்கு அட்சரம் பிசகாமல் கீழ்ப்படிந்ததுதான் சிரிப்பு.

ஆனால் 2010 வரை தமிழில் இப்படி ஒரு முழுநீளப் படம் வராமல் போனது ஏன்? சிம்புதேவனின் 'இம்சை அரசன் 23-ம் புலிகேசி' 2006-லேயே ராஜா ராணிப் படங்களை ஒரு கை பார்த்தது, வாஸ்தவம். ஆனால் த்ரில்லர்கள் இங்கே அதற்கு அரை நூற்றாண்டு முன்பிருந்தே இருக்கின்றன. அதுவும் கொங்கு மண்ணில் நிறையவே. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1950-ல் எடுத்த 'திகம்பர சாமியா'ரில் எம். என். நம்பியார் வேடத்துக்கு மேல் வேடம் மாற்றித் துப்பறிந்தார். 1954-ல் கோவை பக்ஷிராஜா ஸ்டுடியோவிலிருந்து வந்த 'மலைக்கள்ளன்' நாமக்கல் கவிஞரின் கதை. பகலில் ஒரு முகம், இரவில் ஒரு முகம். அறுபதுகளின் நடுவிலிருந்து 1970 வரை அதே மாடர்ன் தியேட்டர்ஸ் ஜெய்சங்கரை வைத்து 'வல்லவன் ஒருவன்', 'சி.ஐ.டி. சங்கர்' என்று வரிசையாக உளவாளிப் படங்கள் எடுத்தது. சுழலும் நாற்காலி, பட்டனைத் தட்டினால் திறக்கும் சுவர், சிவப்பு விளக்கு மினுக்கும் பாதாள அறை எல்லாம் ஏற்காட்டு மலையடிவாரத்தில் ஒட்டுப்பலகையில் கட்டி எழுப்பியவை. இன்று அந்த இடத்தில் முகப்பு வளைவு மட்டும் மிச்சம். கிண்டலடிக்கச் சரக்கு குவிந்து கிடந்தது. கிண்டல் படம் மட்டும் வரவில்லை.

என் கணக்கில் காரணம் எளிது. கிண்டல் செய்கிறவர் படத்துக்குள்ளேயே இருந்தார்.

கூத்து பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். சேலம், அந்தியூர், மேட்டூர்ப் பக்கத்துக் கூத்துகளில் துரியோதனன் கிரீடமும் புஜகீர்த்தியுமாகத் திரைக்குப் பின்னாலிருந்து இடி இடிப்பது போல வந்து இறங்குவான். பக்கத்திலேயே கூத்துக் கோமாளியான கட்டியக்காரன் நிற்பான். "நீங்க யாருங்க? எதுக்கு இப்படிக் குதிக்கறீங்க?" என்பான். ராஜாவின் கோபத்துக்கு நடுவில் உள்ளூர் ரேஷன் கடைச் செய்தியைச் சொல்வான். ராஜாவும் பதில் சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து கர்ஜிக்க ஆரம்பிப்பான். கதை ஒன்றும் கெட்டுப்போகாது. விடிகாலையில் துரியோதனன் படுகளத்தில் விழும்போது, ராத்திரி முழுக்கச் சிரித்த அதே கூட்டம் வாய் பொத்தி நிற்கும்.

சினிமாவில் அந்த நாற்காலிக்கு வந்தவர் உடுமலைப்பேட்டை பக்கத்து வல்லகுண்டபுரத்தில் பிறந்த கவுண்டமணி. எண்பதுகள், தொண்ணூறுகளின் அதிரடிப் படங்களை இப்போது பாருங்கள். நாயகன் வீரவசனம் பேசி முடித்ததும் கேமரா கவுண்டமணிக்குத் திரும்பும். பார்ப்பவர் மனசில் ஓடியதை அவர் சொல்லிவிடுவார். கதையின் ஓட்டை, நாயகனின் அலட்டல், பாட்டு எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எல்லாவற்றையும் படமே கேட்டு, படமே சிரித்து, படமே கடந்து போய்விடும். தனியாக ஒரு கிண்டல் படத்துக்கு அங்கே வேலையில்லை.

பிறகு காமெடி டிராக் மெல்ல மெல்லக் கழன்றது. த்ரில்லர் எடுக்க வந்த இளைஞர்கள் பாட்டை எடுத்தார்கள், சிரிப்பை எடுத்தார்கள். 2016-ல் கார்த்திக் நரேன் எடுத்த 'துருவங்கள் பதினாறு' கோவையில் நடக்கிற கதை; மழை, ராத்திரி, ஒரு போலீஸ்காரர், வேறு எதற்கும் இடமில்லை. படம் கச்சிதமாக இருந்தது, அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் கட்டியக்காரன் வெளியே அனுப்பப்பட்டுவிட்டான். வெளியே போனவன் சும்மா இருப்பானா? முன்பே டிவியில் ஓர் இடம் பிடித்து வைத்திருந்தான். விஜய் டிவியின் 'லொள்ளு சபா' வாரா வாரம் ஒரு படத்தைப் பிரித்து மேய்ந்தது. சந்தானம் அங்கிருந்துதான் வந்தார். அதை இயக்கிய ராம்பாலா 2016-ல் சந்தானத்தை வைத்துப் பேய்ப்படங்களைக் கிண்டலடித்து 'தில்லுக்கு துட்டு' எடுத்தார். அமுதன் 2018-ல் 'தமிழ்ப் படம் 2' கொண்டுவந்தபோது வில்லனாக சதீஷ் விதவிதமான வேடங்களில் வந்து போனார். நம்பியார் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

'லொள்ளு' என்ற சொல்லே நம் பக்கத்துச் சரக்கு, சத்யராஜ் வாயில் ஏறித் தமிழ்நாடு முழுக்கப் போனது. சத்யராஜ் பேச்சு வந்ததால் ஒன்று: சூலூர்க்காரரான மணிவண்ணன் 1984-ல் 'நூறாவது நாள்' எடுத்தபோது மொட்டைத்தலையோடு வந்து ஊரை நடுங்க வைத்தவர் இவர்தான். அதே இருவர் பத்து வருடம் கழித்து 'அமைதிப்படை' எடுத்தார்கள். வில்லனைப் பார்த்து ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. 'முண்டாசுப்பட்டி' எடுத்துச் சிரிக்க வைத்த ராம்குமார்தான் அடுத்த படமாக 'ராட்சசன்' எடுத்து, ஒரு பொம்மைத் தலையைக் காட்டியே வயிற்றைக் கலக்கினார். இரண்டும் ஒரே பட்டறை வேலை. எந்த நொடியில் வெட்டுவது, எவ்வளவு நேரம் காத்திருக்க வைப்பது என்ற கணக்குத்தான் இரண்டுக்கும் வேண்டியது.

தொல்காப்பியர் இரண்டையும் மெய்ப்பாட்டியலில் ஒரே வரிசையில் வைத்திருக்கிறார். மனசுக்குள் நடப்பது உடம்பில் தெரிவது மெய்ப்பாடு. அப்படி எட்டு, அதில் நகையும் ஒன்று, அச்சமும் ஒன்று. அச்சம் பிறக்கும் இடம் நான்கு என்கிறார்: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. இன்றைய பாஷையில் பேய்ப்படம், மிருகப்படம், கொலை கொள்ளைப்படம், அரசாங்கமும் போலீஸும் துரத்துகிற படம். ஓடிடி தளங்கள் த்ரில்லர்களைப் பிரித்து அடுக்குவதும் ஏறக்குறைய இப்படித்தான். நகை பிறக்கும் இடமும் நான்கு: எள்ளல், இளமை, பேதைமை (அறியாமை), மடன் (சொன்னதை அப்படியே நம்பிவிடுவது). கிண்டல் படத்தில் எள்ளல் இயக்குநருடையது. பேதைமையும் மடனும் நாயகனுடையவை. தான் வேடிக்கையாக இருப்பது அவனுக்குத் தெரியவே கூடாது.

உடம்பு என்றதும் அடிதடிச் சிரிப்புக்கு வந்தாக வேண்டும். ஸ்லாப்ஸ்டிக் என்ற பேர் ஒரு கருவியின் பேர். பழைய இத்தாலிய நாடகக் கோமாளிகள் இரண்டு மெல்லிய பலகைகளைச் சேர்த்துக் கட்டிய கோல் ஒன்றை வைத்திருந்தார்கள். அதால் ஓங்கி அடித்தால் பலகைகள் ஒன்றோடொன்று மோதி 'சடார்' என்று கேட்கும், வாங்கியவருக்கு வலிக்காது. சத்தம் முழுசு, வலி சொற்பம். கவுண்டமணி செந்திலை உதைக்கும்போது கேட்கும் அந்த 'டமார்' இதே கோலின் பேரன்தான்.

த்ரில்லரில் நாம் பதறுவது ஒரு உடம்புக்கு ஏதோ ஆகப்போகிறது என்பதற்காக. படியில் உருண்டால் எலும்பு உடையும், கதவு திறந்தால் கத்தி பாயும். கிண்டல் படம் அதே படியை, அதே கதவைக் கொடுத்துவிட்டு வலியை மட்டும் கழித்துவிடுகிறது. உருண்டவன் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு நடக்கிறான். கதவு கொலைகாரன் மூக்கிலேயே அடிக்கிறது. அரை மணி நேரமாக இறுக்கிப் பிடித்திருந்த தோள்பட்டை தளர்கிறது. பயத்துக்கென்று சேர்த்து வைத்த மூச்சுதான் சிரிப்பாக வெளியே போகிறது. சும்மா ஒருவர் வாழைப்பழத் தோலில் வழுக்கினால் வரும் சிரிப்பைவிட, துப்பாக்கியோடு பதுங்கி வருகிறவர் வழுக்கினால் வரும் சிரிப்பு ஏன் பெரிது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. இன்னொரு வசதி, சிலேடை மொழி தாண்டாது. விழுவது எல்லா மொழியிலும் விழுவதுதான். லெஸ்லி நீல்சனை இங்கே அறிந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அவர் என்ன சொன்னார் என்று புரிந்து சிரித்தவர்கள் கிடையாது, நானும் சேர்த்துத்தான்.

நீல்சனின் போலீஸ் வேடம் முதலில் ஓடவில்லை என்பது பலருக்குத் தெரியாது. அது 1982-ல் 'போலீஸ் ஸ்குவாட்' என்ற டிவி தொடராக வந்து ஆறே பகுதிகளில் நிறுத்தப்பட்டது. பார்ப்பவர் கவனமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது என்பது அப்போது சொல்லப்பட்ட காரணம். உண்மைதான், முன்னால் இரண்டு பேர் சீரியஸாகப் பேசிக்கொண்டிருக்க, பின்னால் சத்தமில்லாமல் ஏதோ ஒரு கூத்து நடந்துகொண்டிருக்கும். சமைத்துக்கொண்டே டிவி பார்ப்பவருக்கு அது கண்ணில் படாது. அதையே 1988-ல் 'தி நேக்கட் கன்' என்று தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள், ஓடோ ஓடென்று ஓடியது. இருட்டில், பெரிய திரையில், கூட்டத்தோடு உட்கார்ந்தவருக்கு ஓரத்தில் நடப்பதும் தெரியும். தெரியாதவருக்குப் பக்கத்து சீட்டுக்காரர் முழங்கையால் இடித்துக் காட்டுவார்.

அந்த இடி முக்கியம். திருப்பூரில் சனிக்கிழமை சம்பளம் வாங்கிய பனியன் கம்பெனிப் பையன்கள் ஞாயிற்றுக்கிழமை வரிசையாக உட்கார்ந்து பார்க்கும்போது, "இது அந்தப் படம்டா" என்று ஒருவன் முதலில் கண்டுபிடித்துக் கத்துவான். மற்றவர்கள் அதற்கப்புறம் சிரிப்பார்கள். முதலில் கண்டுபிடித்தவனுக்கு அன்றைக்கு டீக்கடை வரை மரியாதை. த்ரில்லரில் கொலைகாரனை முதலில் ஊகிப்பவனுக்குக் கிடைக்கும் அதே பெருமை இது. கிண்டல் படமும் துப்பறியும் படம்தான். துப்பறிய வேண்டியது எந்தப் படத்திலிருந்து எடுத்தார்கள் என்பதை.

இந்த வகை சறுக்கிய இடமும் அதுவேதான். 2000-ல் வந்த 'ஸ்கேரி மூவி' ஏறக்குறைய 2 கோடி டாலரில் எடுக்கப்பட்டு, உலகம் முழுக்க 27 கோடிக்கு மேல் அள்ளியது. அது கிண்டலடித்த 'ஸ்க்ரீம்' 1996-லேயே தன் விதிகளைத் தானே கேலி பேசிக்கொண்ட படம். பாத்திரங்களே "பேய்ப்படத்தில் இப்படிச் செய்தால் செத்துப்போவோம்" என்று பேசிக்கொள்வார்கள். ஏற்கெனவே தன்னைக் கிள்ளிக்கொண்டவரை மறுபடி எப்படிக் கிள்ளுவது? அடிதடியைக் கூட்டி, கூச்சத்தைக் குறைத்துச் சமாளித்தார்கள். சரி, அது ஓடியது. ஆனால் அதை எழுதியவர்களில் இருவர் பின்னால் தனியாக எடுத்த 'எபிக் மூவி', 'டிஸாஸ்டர் மூவி' எல்லாம் போன வருடப் படத்தின் உடையை மாட்டிக்கொண்டு ஒருவர் வந்து நிற்பதோடு முடிந்துவிட்டன. அடையாளம் காட்டுவதையே நகைச்சுவை என்று நினைத்துக்கொண்டார்கள். மாறுவேடப் போட்டிக்கு வந்த பிள்ளையைப் பார்த்து எவ்வளவு நேரம் கைதட்ட முடியும்?

உடையைக் காப்பியடிப்பதற்கும் மூளையைக் காப்பியடிப்பதற்கும் உள்ள தூரம் அது. 'ஸீரோ அவர்' படத்தைப் பார்த்தே இராதவர்கள்தான் 'ஏர்ப்ளே'னைப் பார்த்து இன்றுவரை சிரிக்கிறார்கள். ஏனென்றால் அந்த ஒரு படத்தோடு கேலி நிற்கவில்லை. ஆபத்துப் படங்களில் ஆட்கள் எப்படிப் பேசுவார்கள், எப்படித் திரும்பிப் பார்ப்பார்கள் என்ற பழக்கத்தையே பிடித்திருந்தது.

இப்போது இன்னொரு சிக்கல், செல்போன். வெள்ளிக்கிழமை வந்த த்ரில்லரை ஞாயிற்றுக்கிழமைக்குள் அவிநாசியில் ஒரு காலேஜ் பையன் தென்னந்தோப்பில் நின்று முப்பது நொடி ரீலாகக் கிண்டலடித்துப் போட்டுவிடுகிறான். இரண்டு வருடம் எடுத்துப் படமாகக் கொண்டுவருகிறவர் என்ன செய்வார்? காட்சியைக் கிண்டலடித்தால் பழைய சோறு. பழக்கத்தைப் பிடிக்க வேண்டும். கிணத்துக்கடவுக்காரரான லோகேஷ் கனகராஜ் 'கைதி'யும் 'விக்ர'மும் எடுத்த பிறகு, பழைய குத்துப்பாட்டு ஒன்று ரேடியோவில் ஓட ஒருவர் ஐம்பது பேரை அடிப்பது ஒரு பழக்கமாகிவிட்டது. போலீஸ் அதிகாரி என்றால் குடும்பத்தில் ஒரு துயரம், சுவர் முழுக்கப் போட்டோ, போட்டோக்களுக்கு நடுவே சிவப்பு நூல். நூல் என்றால் நம்மூருக்குச் சொல்ல வேண்டுமா? ஒரு சோமனூர்த் தறிக்காரர் அந்த அறைக்குள் வந்து, கொலைகளைப் பற்றி ஒன்றுமே கேட்காமல், நூலைத் தடவிப் பார்த்து, "எத்தனாம் நம்பருங்க? கோன் என்ன விலைக்குப் போட்டாங்க?" என்று விசாரிக்கும் காட்சியை யாராவது எடுத்தால் நான் முதல் நாளே டிக்கெட் வாங்குவேன்.

அந்த பஸ் கதையை முடிக்கவில்லை. செங்கப்பள்ளி தாண்டியும் பெரியவர் விடவில்லை. போலீஸ் வந்ததற்கு ஒன்று, நாய் குரைத்ததற்கு ஒன்று என்று மரியாதை குறையாமல் போட்டுக்கொண்டே வந்தார். அவிநாசி வந்தது. அவர் இறங்க வேண்டிய இடம். படத்தில் அப்போதுதான் எல்லாரையும் ஒரு ஹாலில் கூட்டி வைத்திருந்தார்கள். மஞ்சப்பையைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டு வரை போனவர் அங்கேயே நின்று திரையைப் பார்த்தார். கண்டக்டர் விசில் ஊதினார். பெரியவர் ஒரு காலைக் கீழே வைத்தபடி என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீங்க முந்தியே பார்த்திருப்பீங்களாட்ட இருக்குது. கொலைகாரன் யாருன்னு மட்டும் சொல்லிப்போடுங்க. ராத்திரிக்குத் தூக்கம் வராதுங்க."

சொன்னேன். "நான் நெனச்சேன்" என்றபடி இறங்கிப் போனார்.